பதினேழு தடவை

“பதினாலு நாள்ல பதினேழு தடவை திறந்திருக்கீங்க. ஒரே ஆளோட ஃபைல். ஏன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

எல்லோரும் பூதக்கண்ணாடி என்று அழைக்கும் அதிகாரி, தன் கையிலிருந்த பட்டியலை லேப் அக்கா பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அவருடைய நிஜப் பெயர் அந்த மருத்துவமனையில் பாதிப் பேருக்குத் தெரியாது. நோயாளிகளின் கோப்புகள் எல்லாம் கிளவுடுக்கு மாறியதிலிருந்து, யார் எந்தக் கோப்பை எப்போது திறந்தார்கள், எத்தனை நிமிஷம் பார்த்தார்கள் என்பதெல்லாம் தானாகப் பதிவாகிவிடும். அந்தப் பதிவை வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்பதுதான் அவர் உத்தியோகம். மச்சினனின் ஸ்கேன் ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்த ரிசப்ஷன் பெண்ணைப் போன மாதம் வீட்டுக்கு அனுப்பியவர். தனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட.

லேப் அக்கா பட்டியலைப் பார்க்கவே இல்லை.

“நான்தான் சார் திறந்தேன். இல்லைன்னு சொல்லலையே.”

“சொந்தக்காரங்களா?”

“இல்லை.”

“பழக்கமா?”

“தெரிஞ்சவர். பழக்கம்னு சொல்ல முடியாது. என்னைப் பார்த்து ஒரு தடவைகூட சிரிச்சதில்லை.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“அப்புறம் எதுக்கு இத்தனை தடவை?”

“ரத்த ரிசல்ட் சரியா இல்லை சார். சிவப்புக் குறி போட்டு டாக்டருக்கு அனுப்பினேன். அவர் லீவு. அவருக்குப் பதிலா வர்றவர் பார்ப்பார்னாங்க. டாக்டர் பார்த்தா கீழே பச்சை டிக் விழும். விழுந்துச்சான்னு பார்க்கத்தான் தினம் காலையில வந்ததும் திறந்தேன். சில நாள் சாயங்காலமும். ரெண்டு தடவை டாக்டர் ரூமுக்கு போனும் பண்ணேன். இன்னிக்கு வரைக்கும் டிக் விழலை.”

“உங்க வேலை என்னம்மா?”

“ரத்தம் எடுக்கணும். டெஸ்ட் பண்ணணும். ரிசல்ட்டை ஏத்தணும்.”

“ஏத்தினதும்?”

“ஃபைலை மூடிடணும்.”

“மூடினதை மறுபடி திறக்கலாமா?”

“கூடாது சார்.”

மேனேஜர் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. லேப் அக்காவுக்குப் பன்னிரண்டு வருஷ சர்வீஸ். ஒரு புகார் கிடையாது.

“ஏம்மா, அந்த பேஷண்ட்கிட்டயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“எப்படி மேடம் சொல்றது? ரிசல்ட்டைப் பத்தி டாக்டரைத் தவிர வேற யாரும் பேஷண்ட்கிட்ட மூச்சு விடக் கூடாது. சார்தான் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். எதிர்ல வந்து நின்னாலும் சொல்லக் கூடாதுன்னார்.”

பூதக்கண்ணாடி தலையசைத்தார். அந்த வகுப்பில் ஒருத்தியாவது தூங்காமல் இருந்திருக்கிறாள்.

பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தார். பதினேழு வரி, பதினேழிலும் லேப் அக்காதான். டாக்டர் பெயர் எங்கேயும் இல்லை. அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார். அது அடுத்த வாரத்து வேலை.

“அந்த பேஷண்ட் யாருன்னாவது பார்த்துடலாமா சார்? பாவம், என்ன நிலைமையோ” என்றார் மேனேஜர் அம்மா.

“நல்லாயிருக்கு மேடம்! இந்தப் பதிவுல பேஷண்டோட நம்பர் மட்டும்தான் வரும், பேர் வராது. அப்படி வைக்கச் சொன்னதே நான்தான். பேரைத் தேடிப் போனா நானும் எட்டிப் பார்த்தவன் ஆயிடுவேன். இவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?”

அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. ஒரு மாதம் சஸ்பென்ஷன் என்று முடிவானது. மேனேஜர் அம்மா காகிதத்தை நகர்த்தினார். அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று பூதக்கண்ணாடி எதிர்பார்த்திருந்தார். அவள் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

“சார், இதை அந்த பேஷண்டுக்குத் தெரியப்படுத்துவீங்கதானே?”

“பின்னே? அனுமதி இல்லாம ஃபைலைத் திறந்திருக்காங்கன்னு அவங்களுக்குத் தகவல் போயே ஆகணும்.”

“எப்போ போகும்?”

“இப்பவே.”

“அப்போ அது போற வரைக்கும் இருந்துட்டுப் போறேன் சார்.”

விசித்திரமான பெண்மணி என்று நினைத்துக்கொண்டே லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். நோயாளி எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்துத் தட்டினார். வாசகம் ஏற்கெனவே தயாராக இருந்தது; இரண்டு வருஷத்துக்கு முன் அவரே எழுதிக் கொடுத்தது. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினார்.

“போயாச்சு. திருப்திதானே?”

லேப் அக்கா எழுந்திருக்கவில்லை.

பூதக்கண்ணாடியின் சட்டைப் பையில் செல்போன் ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். ‘அன்புடையீர், தங்களுடைய மருத்துவக் கோப்பு அனுமதியின்றிப் பதினேழு முறை...’

“ரெண்டு வாரம் ஆச்சு சார், நீங்க ஸ்டாஃப் செக்கப்புக்கு ரத்தம் கொடுத்து” என்றபடி எழுந்தாள் லேப் அக்கா. “இன்னிக்கே ஒரு டாக்டரைப் பார்த்துடுங்க.”