பதினேழு இஞ்சுத் திரை

“முன்னால நின்னா பளிச்சுன்னு இருக்கு. இப்படி ஓரத்துக்கு வந்தா கறுத்துப் போகுதே, சஜி!”

பிச்சைமணி லேப்டாப்புக்கு நேரே நிற்காமல், கடைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு சொன்னார்.

“லேப்டாப்னா அப்படித்தான் மாமா. ஒரு ஆளு நேரா இருந்து பாக்கிற சாதனம் இது. சுவரோரம் நின்னு யாரு பாப்பா?”

“பாப்பாங்க. அடுத்ததை எடு.”

மட்டாஞ்சேரி பஜாரில் சஜியின் கம்ப்யூட்டர் கடைக்கு இருபுறமும் சுக்குக் கிடங்குகள். கடைக்குள்ளும் அந்தக் காரமான மணம்தான். சஜி இன்னொரு பெட்டியைப் பிரித்தான்.

நாற்காலியில் இருந்த மாடத்தி, கணவரைப் பார்க்காமல் சஜியிடம் பேசினாள். “மஸ்கட்டுலருந்து மஞ்சுஷா இன்னைக்கு சாயந்தரம் வீடியோவுல வாரேன்னிருக்கா தம்பி. பேரனைக் காட்டுறாளாம். பிறந்து எட்டு மாசமாச்சு, நான் இன்னும் ஒரு தடவைகூடக் கண்ணால பாக்கல. கண்ணும் மங்கிட்டு வருது. அதான் பெரிய திரையா வேணும்னேன். நெட்டு கனெக்‌ஷன்கூட வந்தாச்சு.”

அவர்கள் மகள் மஞ்சுஷாவின் கதை, அவர்கள் குடியிருக்கும் சுள்ளிக்கல் முழுக்கத் தெரிந்ததுதான். மூன்று வருடத்துக்கு முன், 2005-இல், தனக்குப் பிடித்தவனை ஆலுவாவில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் முற்றத்தில் கூடிய ஊர்க்கூட்டத்தில் பிச்சைமணி எழுந்து நின்றார். “இனி என் முகத்தை அவ பாக்க மாட்டா” என்றார். சொன்ன சொல்லை அவர் மாற்றியதே இல்லை. விமானம் ஏறப் போகிற அன்று மகள் வந்து வாசலில் நின்றபோதும் அவருடைய அறைக் கதவு திறக்கவில்லை.

“மாமாவும் பேசுவீங்களோ?” என்று சஜி மெல்லக் கேட்டான்.

“நான் எதுக்கு? இவ கேக்கிறா, வாங்கிக் குடுக்கிறேன். சபையில சொன்னது சொன்னதுதான். அதுக்காக இருட்டுப் படத்துக்குக் காசு குடுக்க முடியாதுல்ல?”

சஜி இரண்டாவதை முடுக்கினான். “ஷைனிங் ஸ்கிரீன். கலர் சும்மா மின்னும், நோக்குங்க.”

பிச்சைமணி மறுபடியும் சுவரோரம் போய்க் குனிந்து பார்த்தார். “உன் டியூப்லைட்டும் என் வழுக்கையும் நல்லாத் தெரியுது. படம் எங்கடே?”

மாடத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள்.

“நம்ம வீட்டு டிவி ஞாபகம் இருக்கா உனக்கு?” என்றார் பிச்சைமணி.

“மறக்க முடியுமா மாமா? நம்ம தெருவுல முதல் கலர் டிவியாச்சே!”

தொண்ணூறுகளின் தொடக்கம். மாநகராட்சி வேலையில் சேர்த்த பணத்தில் பிச்சைமணி அதை வாங்கி, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஊரறியக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் தெருவே அந்த வீட்டுக்குள் இருக்கும். அடுக்களை வாசல் வரை ஆட்கள். மாடத்தி பெரிய அலுமினியச் சட்டியில் கப்பைக் கிழங்கு வேகவைத்து எல்லோருக்கும் கொடுப்பாள்.

“ஜன்னல் கம்பியில தொங்கிட்டுதான் நான் பாப்பேன். மஞ்சுஷா கதவுல நின்னு ஆளாளுக்கு இடம் சொல்லும். சின்னப் பிள்ளைங்க முன்னால, தடிச்ச அத்தைமாரு பின்னால. ‘ஏ சஜி, உன் மண்டையை எடுடா, அப்பாவுக்கு மறைக்குது’ன்னு…” சஜி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிச்சைமணி வெளியே மூட்டை இறக்குகிறவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“படம் தெரியலைன்னு அந்த வீட்டுலருந்து ஒருத்தன் எழுந்து போனதில்லை. இப்பவும் அதே வீடுதான். நாலு பேரு வந்து இருந்தா, ஓரத்துல இருக்கிறவனுக்கும் சரியாத் தெரியணும். அதுதான் மரியாதை.”

மாடத்தி பொறுமையிழந்து எழுந்தாள். “எந்த நாலு பேரு? மக வாரான்னு இவுக ஊரைக் கூப்பிடப் போறாக பாரு! வாங்க மனசில்லன்னா நேரா சொல்லிட வேண்டியதுதானே? ஓரத்துல தெரியல, மூலையில தெரியலன்னு எதுக்கு இந்தச் சாக்கு?” பையை எடுத்துக்கொண்டாள். “வாங்க, போவோம். என் பேரனை நான் போட்டோவுலயே பாத்துக்கிடுறேன்.”

“அத்தை, ஒரு நிமிஷம்.” சஜி உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கிவந்தான். “இதும் பதினேழு இஞ்ச்தான். பளபளப்பு கிடையாது, ஆனா உள்ளே படம் காட்டுற பானல் வேற தரம். விலை ரொம்பக் கூடுதல். வீட்டு உபயோகத்துக்கு இது வேண்டாமேன்னுதான் காட்டல.”

திரையில் ஒரு சிவப்புச் செம்பருத்தி விரிந்தது. பிச்சைமணி சுவரோரம் போனார். இன்னும் ஓரமாகப் போனார். அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே பார்த்தார்.

“செவப்பு செவப்பாவே இருக்கு” என்றார். அன்று முதல்முறையாக அவர் குரலில் கடுகடுப்பு இல்லை.

“இனி காமிராவையும் பாத்துடலாம். அத்தை, முன்னால வந்து இருங்க.”

மாடத்தி அரைமனதோடு வந்து உட்கார்ந்தாள். திரை நிறைய அவள் முகம் தெரிந்தது. சுவரோரத்திலிருந்து பிச்சைமணி கேட்டார்.

“ஏ சஜி, இந்த இடத்துல ஒரு ஆளு உக்காந்திருந்தா, அவன் முகம் மஸ்கட்டுல தெரியுமா?”

“தெரியாது மாமா. நேர் முன்னால உள்ளவங்களைத்தான் காமிரா பிடிக்கும்.”

“அப்ப இதையே கட்டு” என்றார் பிச்சைமணி.