நிறம் போன தண்ணீர்

கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் ஒட்டிய பொடியைச் சாயப்பட்டறைக் கழிவுநீரில் தூவிக் கலக்கினார் பேராசிரியர் தண்டபாணி. ஊரே பார்த்திருக்க, குடுவையின் கருஞ்சிவப்பு மெல்ல வெளிறி இளநீராய்த் தெளிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவருடைய ஆய்வு மாணவி நறுமுகை மட்டும் கைதட்டவில்லை. துகள்கள் சாயத்தை உடைக்கும்; உடைந்தவை சாயத்தைவிடக் கொடிய நஞ்சாகத் தண்ணீரிலேயே கிடக்கும். அதை அவரிடம் சொன்னபோது, "உனக்குப் பட்டம் வேணுமில்ல?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

முன்வரிசையிலிருந்து ஊர்க்காரி பாவாயி எழுந்து வந்தாள். "குடிக்கலாமுங்களா சார்?"

"தாராளமா" என்று டம்ளரை நிரப்பி நீட்டினார்.

நறுமுகை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க்கா. நிறந்தான் போயிருக்கு."

"புள்ளைக்குப் பயம்" என்று சிரித்தார் பேராசிரியர்.

பாவாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டம்ளரை அவரிடமே நீட்டினாள். "அப்ப நீங்க ஒரு வாய் குடிச்சுட்டுக் குடுங்க."

அவர் வாங்கி அண்ணாந்தார். மறுபடி கைதட்டல். அவர் தொண்டை அசையவே இல்லை. உப்பிய கன்னங்களோடு சிரிக்கப் பார்த்தார். கடைவாயில் ஒரு சொட்டு வழிந்தது. துப்ப இடம் தேடி அவர் கண்கள் அலைவதை நறுமுகை அருவருப்போடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாவாயி நகரவில்லை.

"முழுங்குங்க சார்" என்றாள்.