நின்றால் ஆடும்

“அம்மா, பின்னுக்கு இருங்கோ. ஸ்டியரிங்கைத் தொடாதேங்கோ!”

மகன் நிதுசன் வாங்கியிருந்த பழைய பந்தயப் படகில் புஷ்பமலர் கால் வைத்ததுமே அது சாய்ந்தது.

“இதின்ரை அடி V மாதிரிக் கூர். நிண்டால் ஆடும். வேகமாய் ஓடினால் அலையை வெட்டிக்கொண்டு நேராய்ப் போகும். டிசைன் பண்ணின மனுசன் துணிஞ்ச ஆக்களுக்காகத்தான் கீறினவர்.”

“நானும் ஒருக்கா ஓடிப் பாக்கட்டோ?”

“நீங்களோ? கார் ஓடவே பயம். இதுக்கு லைசென்ஸ் வேணும், அம்மா!”

புஷ்பமலர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒஸ்லோ துறைமுகத்தைத் தாண்டியதும் பொலிஸ் படகு மறித்தது.

“லைசென்ஸ்?” என்றாள் பொலிஸ்காரி.

நிதுசன் தலையைச் சொறிந்தான். “சோதனை... இன்னும் எடுக்கேல்லை.”

“அப்படியானால் படகை யார் திருப்பிக் கொண்டுபோவது?”

புஷ்பமலர் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை நீட்டினாள்.

“நான் அறுபத்தெட்டிலை பிறந்தனான். எண்பதுக்கு முதல் பிறந்த ஆக்களுக்கு இந்த நாட்டிலை படகு ஓட லைசென்ஸ் தேவையில்லை. வாசிச்சுப்போட்டுத்தான் ஏறினனான்.”

“உண்மைதான். ஆனால் ஓடத் தெரியுமா?”

“இவ்வளவு நேரமும் இவன் எனக்கு அதைத்தானே படிப்பிச்சவன்!”

நின்ற படகு ஆடியது. புஷ்பமலர் ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

“பின்னுக்கு இரு, தம்பி. ஒண்டையும் தொடாதை!”

படகு அலையை வெட்டிக்கொண்டு நேராகப் பாய்ந்தது.