ரோசலின் வீட்டு ஜன்னல்

“யாரக் கேட்டு இந்த ஜன்னல வச்சீங்க?”

1997 ஜூன், இலங்கையில் கொடகவெலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், ரோசலின் படுத்திருந்த அறையின் பின்சுவரில் ஒரு ஜன்னல் வந்திருந்தது. கேட்டவன் சதீஸ், அந்த வாரம்தான் வேறு தோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளைமார் லயத்துக்குள் கால் வைப்பதில்லை. அவனும் வாசலிலேயே நின்றான்.

“யாரையும் கேக்கலங்க,” என்றான் ரோசலினின் மகன் ரெஜினோல்ட். கொழும்பில் ஓவியன். மலைகளையும், பழைய வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் உள்ளது உள்ளபடி வரைபவன். இடிக்கிற பங்களா எதிலிருந்தாவது இந்த ஜன்னலை வாங்கியிருப்பான் என்று சதீஸ் நினைத்துக்கொண்டான்.

“அம்மா படுக்கையில விழுந்ததுலருந்து ஒரு ஜன்னலுக்குக் கேட்டுக்கிட்டுதான் இருந்தோம். தொரை முடியாதுன்னுட்டாரு. வெறுஞ் செவத்தப் பார்த்துக்கிட்டே கெடந்தாங்க.”

“அதுக்காக? செவரு கம்பெனியோடது. நான் கண்டும் சொல்லலன்னா என் வேலை போயிரும்.”

“செவருக்கு ஒன்னும் ஆகலங்க.”

“என்ன, நக்கலா?”

ரோசலின் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பச்சைச் சட்டம், பாதி திறந்த கதவு, அதற்கப்பால் பனியில் மிதக்கும் மலை. மலை நகர்வதுபோலவும் இருந்தது, நிற்பதுபோலவும் இருந்தது. எதற்கு வந்தோம் என்பதே சதீஸுக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

“காத்து வருதாம்மா?” தன்னையறியாமல் கேட்டான்.

“எனக்கு வருதுங்கய்யா. நேத்து மழ வாசங்கூட வந்துச்சு. மூடிறாதீங்க.”

சதீஸ் இறங்கிப் போனான். ஆபீசில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னான். மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

மறுநாள் காலை மேசன் லாபிர் செங்கலும் சாந்துமாக வந்தார். சதீஸ் வாசலில் நின்றான். ரோசலின் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

திறந்திருந்த கதவை முதலில் சாத்தலாம் என்று லாபிர் கை நீட்டினார். மரம் தட்டுப்படவில்லை. விரலில் பச்சை பெயின்ட் ஒட்டியது. குழம்பிப்போய், விரலை மடக்கி மலையின் மேல் தட்டினார்.

“யாரது, காலங்காத்தால?” என்று மறுபக்கத்திலிருந்து மூக்காயி கத்தினாள்.

சதீஸ் பார்த்து வளர்ந்ததெல்லாம் ஒற்றை லயங்கள். இது முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயம். அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தது மூக்காயியின் அடுப்படி.

ஜன்னல் மூடப்பட்டதாக அவன் அன்றே ஆபீசில் அறிவித்தான்.