கயிறு பிடிக்கிறவர்

“எட்டு வருஷமா நான்தானே கயிறு பிடிக்கிறேன். இப்ப எதுக்குப் புதுசா மெஷின்?”

கேட்டவன் கணவன். பதில் சொல்ல வேண்டிய மனைவி, மரம் அறுக்கும் வாளின் சங்கிலியை அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தாள். கட்டடங்கள் மேல் சாய்ந்த மரங்களில் ஏறி, கிளை கிளையாக அறுத்து எடுப்பது அவள் தொழில். அறுபட்ட கிளை தொப்பென்று விழுந்து கூரை ஓடுகளை உடைக்காமல், கீழே நின்று கயிற்றை விட்டு விட்டு மெல்ல இறக்குவது அவன் தொழில். சம்பந்தம் பேசியவர்கள்கூட இப்படி ஒரு பொருத்தம் பார்த்திருக்க மாட்டார்கள்.

“அடுத்த வாரம் பள்ளிக்கூடத்து மரம். ஒரு கிளையே நானூறு கிலோ வருங்க. கடைக்கார அண்ணன் ரெண்டு மூணு காட்டினார். நாளைக்குள்ள எதுன்னு சொல்லணும்” என்றாள் அவள், தலை நிமிராமல்.

அண்ணன். அந்த ஒரு வார்த்தை போதும், அவன் வயிறு எரிய. அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டால் அண்ணன் ஆகிவிடுவானா? ஒரே மாதத்தில் நாலு தடவை அந்தக் கடைக்குப் போய்வந்திருக்கிறாள். வீட்டில் கிடக்கும் விலைப்பட்டியலில் எவனோ பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறான். அது இவள் கை இல்லை. போன் வந்தால் மட்டும் பால்கனிக்குப் போய்ப் பேசுகிறாள்.

போன மாதம் ஒரு கிளை வேகமாக இறங்கி அடிமரத்தில் மோதியதை அவள் நினைவுபடுத்தினாள். கயிறு ஈரம், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்றான். அவள் சங்கிலியின் அடுத்த பல்லைத் தீட்டினாள்.

நியாயமாகச் சொன்னால், அவன் சந்தேகத்தில் மாட்டிய முதல் ஆள் கடைக்காரன் இல்லை. வாளைப் பழுது பார்ப்பவன், ஏணி வாடகைக்கு விடுபவன், ஜன்னலில் நின்று அவளைச் சிரிக்கவைத்த ஒரு வீட்டுச் சொந்தக்காரர் என்று அது நீளமான வரிசை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். ஆனால் இந்த முறை அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. மெஷின் வந்துவிட்டால் அதன் கைப்பிடியை யார் வேண்டுமானாலும் சுற்றலாம். அப்புறம் மரத்தடியில் அவனுக்கு என்ன வேலை? அவளுக்குத்தான் அவன் எதற்கு?

வண்டிக்குக் காற்று அடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினான். நேராகக் கடைக்குப் போய், மரம் வெட்டும் வேலைக்குப் புதிதாக ஆள் சேர்ப்பவன் மாதிரி நின்றான்.

கடைக்காரருக்குத் தலையில் முடி இல்லை. வயிறு மேசைக்கு முன்னால் வந்து நின்றது. ‘இதற்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டோம்’ என்று அவனுக்கு ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. அவர் வாயைத் திறந்ததும் அதுவும் போயிற்று. அப்படி ஒரு பதமான குரல். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம். கேட்டிருப்பாள்.

மூன்று சாதனங்களைத் தரையில் வரிசையாக வைத்து விளக்கினார். முதலாவது வெறும் இரும்பு உருளை. அடிமரத்தில் பெல்ட் போட்டுக் கட்டி, கயிற்றை இரண்டு மூன்று சுற்று சுற்றினால் பாதிக்கு மேல் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும், மிச்சம் கையில். இரண்டாவது அதுவேதான், தடித்த கயிற்றுக்கு. மூன்றாவது வின்ச். கைப்பிடியைச் சுற்றிக் கயிற்றை முன்கூட்டியே இறுக்கலாம், சாய்ந்த கிளையைக் கொஞ்சம் தூக்கவும் செய்யலாம். கையை எடுத்தால் எடுத்த இடத்திலேயே பூட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆனால் தூக்கிப் போக இரண்டு ஆள் வேண்டும்.

“எது நல்லது?”

“கயிறு பிடிக்கிறவரைப் பொறுத்தது சார். பழகின கைன்னா முதல்ல காட்டினதே போதும்.”

அவன் மெல்லத் தூண்டில் போட்டான். இந்த வேலைக்குப் பெண்கள்கூட வருகிறார்களாமே என்றான். கடைக்காரர் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து இவன் முகம் சுருங்கியது. ஒரே ஒரு அம்மா உண்டு, வின்ச் வாங்கத்தான் யோசிக்கிறார், நாலு தடவை வந்துவிட்டார், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் பேசுவார் என்றார்.

“அப்படி என்னதான் பேசுவாங்க?” என்றான்.

“அவங்க வீட்டுக்காரரைப் பத்தித்தான் சார். அவர்தான் கயிறு பிடிக்கிறாராம். அவர் மாதிரி ஒரு கை எங்கயும் கிடையாதாம். நானூறு கிலோ கிளையைக்கூடத் தூங்குற குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி இறக்குவாராம். வேற ஆளைக் கீழ நிறுத்தினா மரமே ஏற மாட்டேன்னாங்க.”

ஒரு மாதமாக எரிந்த வயிறு குளிர்ந்துபோயிற்று. அவனுக்கு வெட்கமாக இருந்தது. இப்படிப்பட்டவளையா சந்தேகப்பட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான். அந்த வீட்டுக்காரர் நான்தான் என்று சொல்லிவிட நாக்குத் துடித்தது. ஆனால் புகழ்ச்சியை இன்னும் ஒரு வாய் கேட்டுவிட்டுச் சொல்லலாமே என்று தோன்றியது.

“அவ்வளவு நல்ல கைன்னா முதல்ல காட்டினதே போதுமே? அந்தம்மாவுக்கு வின்ச் எதுக்கு?” என்றான் சிரித்துக்கொண்டே.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“நானும் அதைத்தான் சார் கேட்டேன். ‘அவர் மனசு சரியா இருக்கிற நாள்ல எனக்கு எந்த மெஷினும் வேண்டாம்ணே, நான் யார்கிட்டயாவது சிரிச்சுப் பேசிட்டா, அன்னைக்கு அவர் கை கயித்தை விட்டுடுது. அந்த நாளைக்குத் தானாப் பூட்டிக்கிறது எதுன்னு சொல்லுங்க’ன்னாங்க.”