பழைய கேமராவே போதும்

“புதுசு மாட்டிக்கலாமுங்க. உங்க பண்ணையில இருக்கற பழைய கேமராவைக் கம்ப்யூட்டர்ல பாக்கறதுக்கான ப்ளக்-இன்னை எப்பவோ நிறுத்திப்போட்டாங்க,” என்றார் கோவையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெரோம்.

“பழசே ஓடோணுமுங்க,” என்றார் கடைக்கு வந்திருந்த அருண்குமார்.

பழைய பிரவுசரைத் தேடி ஏற்றி, லேப்டாப்பில் ஒருவழியாகப் படத்தை வரவழைத்தார் ஜெரோம். பல்லடத்துக் கோழிப்பண்ணை. காலிக் கொட்டகையில் ஒரு பெரியவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“கோழியே இல்லீங்களே. எதுக்குக் காவல்?”

“எங்கப்பாவுக்குங்க. நோய்ல கோழியெல்லாம் போனதுக்கப்புறம் ஒருக்கா கயித்தோட அங்க போயிட்டாருங்க. புதுசு மாட்டினா, நாங்க பாக்கறது தெரிஞ்சுபோயிரும். இது கெட்டுப்போச்சுன்னே நெனச்சிட்டிருக்கறார்.”

பெரியவர் எழுந்தார். கேமராவையே பார்த்தார். தோள்துண்டை எடுத்து அதன்மேல் போட்டார்.

திரை இருண்டது.

அருண்குமார் பைக் சாவியைத் தேடினார். “அவருக்கு எப்படீங்க தெரிஞ்சுது?”

“யாராச்சும் பாத்தா, அந்தக் கேமராவுல சிவப்பா லைட் எரியுமுங்க.”