முதல் வாய்

அந்த அம்மையார் ஒருகாலத்தில் தென்னமெரிக்க நாடொன்றின் ஜனாதிபதி. ஹோர்சன்ஸ் என்ற ஐரோப்பிய நகரில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வந்த பிறகும் நஞ்சுப் பயம் அவரை விடவில்லை. பராமரிக்கும் கமலேஸ்வரி முதல் வாய் சாப்பிட்டுக் காட்டாமல் எதையும் தொடமாட்டார்.

இன்று, மகள் என்று சொல்லி ஒருத்தி வாசலில் கொடுத்துவிட்டுப் போன கேக்.

"நீ சாப்பிட்டாயா?"

கமலேஸ்வரி ஒரு துண்டை எடுத்து, வாயைத் துடைத்து, "நல்ல ருசி" என்றாள். அம்மையார் நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கினார்.

வெளியே, கூட வேலை செய்யும் றெஜினா மறித்தாள். "என்னக்கா, கந்தசஷ்டி விரதத்தில கேக்கோ?"

"சீ! திண்ட மாதிரிக் காட்டினனான். துண்டு இந்தா, கைக்குள்ள கிடக்கு. பாவம், மகள் கொண்டுவந்தது."

"மகளோ? அவவுக்குப் பிள்ளையளே இல்லையே அக்கா!"

உள்ளே தட்டு விழுந்து உடைந்தது.